கேஸ் ஷீட்டில் வயது



மார்பகப் புற்றுநோயையும் வயதையும் சேர்த்துப் பேச்செடுத்தால் நம் மேடைகளில் தவறாமல் ஒரு வாசகம் வரும்: மேல்நாட்டுப் பெண்களைவிட நம் பெண்களுக்குப் பத்து ஆண்டு முன்னதாகவே வந்துவிடுகிறது என்று. நோயாளிகளின் சராசரி வயதை மட்டும் பார்த்தால் அது சரிதான். ஆனால் நம் மக்கள்தொகையில் இளையவர்கள் அதிகம். அதனால் நோயாளிகளிலும் அவர்கள் அதிகமாகத் தெரிகிறார்கள். முப்பதுகளில் உள்ள இலட்சம் பெண்களில் எத்தனை பேர் என்று கணக்கிட்டால், நம் விகிதம் மேல்நாட்டைத் தாண்டுவதில்லை. இந்த வாசகத்தை இன்றோடு ஓய்வுபெறச் செய்யலாம் என்பது என் கருத்து.

உண்மையான கேள்வி வேறு. இளவயதில் கண்டறியப்படும் நோய் ஏன் மோசமாக முடிகிறது?

டிரிப்பிள் நெகட்டிவ், ஹெர்-2 பாசிட்டிவ் கட்டிகள் இளம்பெண்களிடம் அதிகம். அடர்த்தியான மார்பகத்தில் மாமோகிராமுக்குக் கட்டி எளிதில் புலப்படாது. பிள்ளை பெற்றவள் என்றால், பால் கட்டியிருக்கும் என்று வீட்டாரும் நினைப்பார்கள், சில சமயம் டாக்டரும் நினைப்பார். இவை நீங்கள் அறிந்தவை. ஹார்மோன் பாசிட்டிவ் நோயைத்தான் நாம் போதிய அளவு பேசுவதில்லை. 'நல்ல வகை' என்று நோயாளிக்கு ஆறுதல் சொல்கிறோமே, இளையவருக்கும் மூத்தவருக்கும் உள்ள இடைவெளி அந்த வகையில்தான் தெளிவாகத் தெரிகிறது.

இதில் சினைப்பைக்குப் பெரிய பங்கு உண்டு. கீமோ முடிந்ததும் நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு மாதவிடாய் பெரும்பாலும் நின்றுவிடும். முப்பது வயதுக்காரருக்குப் பெரும்பாலும் திரும்பிவிடும். அதோடு ஈஸ்ட்ரோஜனும் திரும்புகிறது. 2014-இல் வெளியான 'சாஃப்ட்' ஆய்வில் 35 வயதுக்குக் கீழிருந்த பெண்களைப் பாருங்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கீமோ பெற்றவர்கள். டமாக்சிஃபென் மட்டும் எடுத்தவர்களில் ஐந்தாண்டு முடிவில் மார்பகப் புற்றுநோய் மீளாதிருந்தவர்கள் 67.7 சதவீதம். சினைப்பையின் இயக்கத்தையும் அடக்கியபோது அது 78.9 ஆனது, டமாக்சிஃபெனுக்குப் பதில் எக்ஸமெஸ்டேன் கொடுத்து அடக்கியபோது 83.4. வயது என்று நாம் எழுதி வைத்ததில் ஒரு பகுதி, அடக்கப்படாத சினைப்பை.

மருந்துச் சீட்டு எழுதுவது சுலபம். ஐந்து ஆண்டு, சிலருக்குப் பத்து ஆண்டு மாத்திரை என்று முப்பது வயதுப் பெண்ணிடம் சொன்னால், குழந்தை எப்போது என்று அவர் கேட்பார். வாய்விட்டுக் கேட்காதவர் மாத்திரையை நிறுத்திவிடுவார். ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு மாத்திரை எடுத்தபின், கருத்தரிப்புக்காக இரண்டு ஆண்டு வரை இடைவெளி விட்டவர்களை 'பாசிட்டிவ்' ஆய்வு பின்தொடர்ந்தது. குறுகிய காலத்தில் நோய் மீள்வது கூடவில்லை என்று 2023-இல் அறிவித்தார்கள். நீண்டகால விவரத்துக்குக் காத்திருக்கிறோம். ஆனாலும் அந்தப் பெண்ணிடம் சொல்ல இப்போது ஒரு பதில் இருக்கிறது.

இனி மறுமுனை. "அம்மாவுக்கு எழுபத்தைந்து ஆகிவிட்டது, இந்தக் கஷ்டமெல்லாம் எதற்கு டாக்டர்?" என்று மகன் கேட்கிறார். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவரை யாரும் கேட்கவில்லை. ஆரம்ப நிலை ஹார்மோன் பாசிட்டிவ் நோய் என்றால் மகன் பாதி சரி. எழுபது கடந்த 636 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில், கட்டியை மட்டும் அகற்றி டமாக்சிஃபென் கொடுத்தவர்களுக்குக் கதிர்வீச்சைத் தவிர்த்தபோது ஆயுள் குறையவில்லை. பத்தாண்டில் அதே பகுதியில் நோய் மீண்டது மட்டும் 2-இலிருந்து 10 சதவீதமானது. ஆனால் 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு வழக்கமான கீமோவுக்குப் பதில் லேசாக இருக்கட்டும் என்று கேப்சிடபின் மாத்திரை கொடுத்துப் பார்த்த இன்னோர் ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களிடம் நோய் மீள்வதும் மரணமும் ஏறக்குறைய இரு மடங்காயின. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக்கூடாது என்பதைப் பிறந்த ஆண்டு மட்டும் சொல்லாது.

கட்டுரை படிக்கவிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். ஐம்பதுக்குக் கீழ், ஐம்பதுக்கு மேல் என்று அட்டவணையை இரண்டாக வெட்டாதீர்கள். முப்பத்திரண்டு வயதுக்காரரும் நாற்பத்தெட்டு வயதுக்காரரும் ஒரே கட்டத்தில் அடைபட்டால் மேலே சொன்ன இடைவெளி எதுவும் தெரியாது. எழுபதைக் கடந்தவர்களில் எத்தனை பேருக்கு முழுச் சிகிச்சை கொடுக்கவில்லை, அந்த முடிவை எடுத்தது யார் என்ற விவரமும் கைவசம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.