ஒலித்து மறைந்தவை: ஜாஸ் இசைத்தட்டுத் தொகுப்பாளரும் இசை விடுதிகளும்



அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் நியூ ஆர்லியன்ஸ் என்னும் துறைமுக நகரம் இருக்கிறது. அந்நகரில் 1877-இல் பிறந்த பட்டி போல்டன் என்னும் கறுப்பினக் கலைஞர் கார்னெட் என்னும் ஊதுகருவியை வாசித்தவர். ஜாஸ் இசையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவர் பெயரிலிருந்தே தொடங்குகின்றனர். 1907-இல் அவர் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். எஞ்சிய வாழ்நாளை அங்கேயே கழித்து 1931-இல் மறைந்தார். அவருடைய வாசிப்பு ஒரு நொடியளவுகூட ஒலிப்பதிவாகக் கிடைக்கவில்லை. இன்று இருப்பவை ஒரே ஒரு புகைப்படமும், கேட்டவர்கள் தம் முதுமையில் சொல்லிச் சென்ற சொற்களுமே. அவர் ஊதினால் பல கல் தொலைவுக்குக் கேட்கும் என்று அவர்கள் சொன்னார்கள். அதை மெய்ப்பிக்கவும் வழியில்லை, பொய்ப்பிக்கவும் வழியில்லை. பாடல் அழிந்து பெயர் மட்டும் நிற்கும் புலவர் பலரைத் தமிழ் கற்றோர் அறிவர். போல்டன் அவ்வகையினர். ஜாஸ் என்னும் பெயர் தாங்கிய முதல் இசைத்தட்டு 1917-இல் பதிவானபோது அதில் வாசித்தவர் ஐவரும் வெள்ளையர்.

இசைத்தட்டு வந்த பின்பும் இந்த இசை முழுமையாக அதனுள் அடங்கவில்லை. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் ஓடும். இரவு விடுதியில் ஒரு மெட்டை எடுத்துக்கொண்ட கலைஞர் பத்து நிமிடமும் வாசிப்பார். மனம் ஒன்றினால் அதற்கு மேலும் வாசிப்பார். அதே மெட்டைப் பதிவு நிலையத்தில் வாசிக்கும்போது தமக்குக் கிடைக்கும் அரை நிமிடத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாக வேண்டும். இக்கட்டுப்பாட்டை முற்றிலும் தீமை என்று கொள்ள வேண்டா. குறளின் ஏழு சீர்போல அது சிலரிடம் செறிவை வளர்த்தது. ஆயினும் விடுதியில் நிகழ்ந்தது ஒன்று, தட்டில் பதிந்தது ஒன்று என்னும் வேறுபாடு இருந்துகொண்டே வந்தது. தொகுப்பாளர் என்னும் ஒரு வகை மனிதர் தோன்றியது இந்த இடைவெளியில்தான்.

அக்காலத் தட்டுகள் அரக்கு கலந்து செய்யப்பட்டவை. உலகத்தின் அரக்குத் தேவையில் பெரும்பகுதியைச் சோட்டா நாகபுரிக் காடுகளை உள்ளிட்ட இந்தியப் பகுதிகளே நிறைவு செய்துவந்தன. பாரதத்தில் பாண்டவர்க்கு மாளிகை சமைத்த அதே பொருள்தான் ஹார்லெம் நகர்ப்பகுதியின் இசையையும் தாங்கியது. இரண்டாம் உலகப்போர் அமெரிக்காவை எட்டியதும் அரக்கு போர்த்தேவைக்கு உரியதாயிற்று. 1942-இல் அந்நாட்டு அரசு இசைத்தட்டுக்குரிய அரக்கின் அளவைப் பெரிதும் குறைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவை நிறுத்தியது. அச்சங்கத்தின் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ. வானொலியிலும் காசு போட்டால் பாடும் பெட்டிகளிலும் இசைத்தட்டே ஒலித்து, உயிருள்ள கலைஞரின் வாழ்வைப் பறிக்கிறது. ஆகவே விற்பனையில் ஒரு பங்கைச் சங்கத்திற்குத் தர வேண்டும் என்பது அவர்கள் வாதம். டெக்கா நிறுவனம் 1943-இல் இணங்கியது. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை இணங்கவில்லை. பீபாப் என்று பின்னர்ப் பெயர் பெற்ற புது நடை வளர்ந்து உருப்பெற்ற ஆண்டுகள் இவை. ஒரு மொழி தன் இலக்கணத்தை மாற்றிக்கொண்ட பொழுதில் எழுத்தாணிகள் எல்லாம் பூட்டப்பட்டிருந்தன என்றே சொல்ல வேண்டும்.

அந்த மாற்றம் நிகழ்ந்த இடங்களுள் தலையாயது நியூயார்க்கின் ஹார்லெமில், மேற்கு 118-ஆம் தெருவில் இருந்த மிண்டன்ஸ் பிளேஹவுஸ் என்னும் விடுதி. ஹென்றி மிண்டன் என்னும் சாக்சபோன் கலைஞர் 1938-இல் அதைத் தொடங்கினார். பின்னர் அதன் பொறுப்பை ஏற்ற டெடி ஹில்லும் இசைக்குழு நடத்தியவரே. அங்கே பியானோவில் தெலோனியஸ் மங்க் அமர்ந்தார்; டிரம்ஸ் வாசித்தவர் கென்னி கிளார்க். வேறு குழுக்களில் சம்பளத்திற்கு வாசித்து முடித்தவர்கள் இரவு அங்கே வந்து, தாமே விரும்பி விடியும் வரை வாசிப்பார்கள். வாசிக்கத் தெரியாதவர் மேடையேறினால் சுருதியையும் சுரக்கட்டையும் கடினமாக்கி இறங்கச் செய்வார்கள். அரங்கேற்றத்தில் வினாத் தொடுத்துப் புலவரைச் சோதித்த பழைய அவைகளை இது நினைவூட்டும்.

அங்கே 1941-இல், கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் ஜெர்ரி நியூமன் என்பவர், தட்டு வெட்டும் கருவி ஒன்றைச் சுமந்து வந்தார். அக்காலத்தில் ஒலிநாடா மக்கள் கையில் இல்லை. அலுமினியத் தகட்டின்மேல் மெழுகுபோன்ற பூச்சு. அதில் ஊசி ஓடி ஒலியைக் கீறும். மீண்டும் கேட்க வேண்டுமானால் ஊசி அதே கீறலில் ஓட வேண்டும். ஓடுந்தோறும் அது தேயும். அன்பு மிகுந்து அடிக்கடி கேட்டவர் தம் செல்வத்தைத் தாமே அழித்தார் என்பது இக்கலையின் விந்தையான நியதி.

நியூமன் பதிந்தவற்றுள் உயிர்போன்றது சார்லி கிறிஸ்டியனின் வாசிப்பு. மின்கிதாரைத் தனிக்குரலாக எழுப்பிய முன்னோடி அவர். பென்னி குட்மன் குழுவில் புகழுடன் வாசித்தவர். பணி முடிந்ததும் மிண்டன்ஸ் விடுதிக்கு வந்துவிடுவார். அவர் ஒவ்வொரு நாளும் சுமந்து வர வேண்டாமென்று ஒலிபெருக்கி ஒன்றை அங்கேயே வாங்கி வைத்தார் டெடி ஹில். பதிவு நிலையத்துத் தட்டுகளில் சில நொடிகள் மின்னி மறையும் அந்தக் கிதார், நியூமனின் தட்டுகளில் சுற்றுக்குச் சுற்று நீண்டு செல்கிறது. ஒரு கருத்து பிறப்பதும் வளர்வதும் அடுத்த கருத்துக்கு இடம் விடுவதும் கேட்கின்றன. கிறிஸ்டியன் காசநோயால் 1942 மார்ச்சில் தம் 25-ஆம் வயதில் இறந்தார். அத்தட்டுகள் இல்லையேல் அவரைப் பற்றிய மதிப்பீடு பாதியாகவே நின்றிருக்கும். அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று ‘ஸ்விங் டு பாப்’ என்னும் பெயரில் வெளிவந்தது. உண்மையில் அது ‘டாப்சி’ என்னும் பழைய மெட்டு. பாப் என்னும் சொல் வழக்கில் ஊன்றும் முன்பே கிறிஸ்டியன் மறைந்துவிட்டார். பதிப்பித்தவர்கள் பின்னால் சூட்டிய பெயர் அது. ஏட்டுச்சுவடி பதிப்பித்தவர்கள் இதைக் கேட்டு வியப்படைய மாட்டார்கள்.

நியூமனினும் விந்தையானவர் டீன் பெனடெட்டி. அவரும் சாக்சபோன் வாசித்தவர். சார்லி பார்க்கரின் வாசிப்பைக் கேட்டபின் அவருக்கு வேறெதுவும் பொருட்டாகத் தோன்றவில்லை. 1947-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஹை-டி-ஹோ விடுதியில் தட்டுகளிலும், 1948-இல் நியூயார்க் விடுதிகளில் காகித நாடாவிலும் பார்க்கரைப் பதிந்தார். பார்க்கரை மட்டுமே பதிந்தார் என்பதுதான் செய்தி. பார்க்கர் வாசிக்கத் தொடங்கும்போது கருவியை ஓட்டுவார். அவர் நிறுத்தி மற்றவர் தொடங்கியதும் கருவியும் நின்றுவிடும். தட்டின் விலை ஒரு காரணம், பக்தி மறுகாரணம். பெனடெட்டி 1957-இல் இத்தாலியில் காலமானார். அவர் பதிவுகள் கட்டுக்கதையோ என்று ஐயுறும் அளவுக்கு நெடுங்காலம் மறைந்திருந்தன. குளியலறையில் ஒளிந்து கம்பியில் பதிந்தார் என்பது போன்ற கதைகள் நூல்களிலும் ஏறின. அவர் தமையனார் குடும்பத்தாரிடமிருந்த பதிவுகளை மொசைக் நிறுவனம் பெற்று 1990-இல் ஏழு குறுந்தகடுகளாக வெளியிட்டது. கேட்பவர்க்கு அவை எளிதில் இன்பம் தருவன அல்ல. நடுவே தொடங்கி நடுவே முடியும் துண்டுகள் நூற்றுக்கணக்கில் வருகின்றன. புறத்திரட்டு எடுத்து வைத்தமையால் எஞ்சிய முத்தொள்ளாயிரப் பாடல்களைப் படிப்பவர்க்கு இந்த உணர்வு புதிதன்று. ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடலாகாது. பார்க்கர் தனியாக வாசித்தவர் அல்லர். டிரம்பெட் வாசித்தவர் சொன்னதற்கு மறுமொழியாக அவர் தொடங்கியிருக்கக்கூடும். அந்த வினா இப்போது இல்லை, விடை மட்டும் இருக்கிறது. பேரன்பும் ஒருவகையில் கத்தரிக்கோலே.

தொகுப்பாளரைப் போற்றும்போது எழும் கேள்வி ஒன்றுண்டு. இவற்றுக்கெல்லாம் யார் இசைவு தந்தார்கள்? நியூயார்க்கில் போரிஸ் ரோஸ் என்பவர் பேர்ட்லாண்ட் விடுதியிலிருந்து வானொலியில் வந்த நிகழ்ச்சிகளை ஆண்டுக்கணக்கில் பதிந்தார். பிறகு கற்பனைப் பெயர் கொண்ட பற்பல நிறுவனங்களின் பெயரால் தட்டுகளாக்கி விற்றார். அவர் இல்லையேல் அந்த இரவுகள் இல்லை. ஆனால் வாசித்தவர்க்கு அதனால் கூலியும் இல்லை. இந்த இரண்டு தொடர்களுள் ஒன்றை மட்டும் சொல்வோர் பலர். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு துறைக்கே தம்மை ஈந்து இசைத்தட்டின் மூல எண்களையும், வாசித்தவர் பெயர்களையும், பதிந்த நாளையும் ஒப்புநோக்கி நிறுவிய அறிஞர்களும் தொகுப்பாளரே. பிரான்சு நாட்டுச் சார்லஸ் டெலோனே 1936-இல் வெளியிட்ட இசைத்தட்டு அட்டவணை இத்துறையின் முதல் இலக்கணம் எனலாம். கலைஞர்கள் கவலைப்படாத செய்திகளை இவர்கள் கவலைப்பட்டுக் காத்தனர்.

விடுதிகளை நினைவுகூர்வோரிடமும் ஒரு மறதி உண்டு. புகைமண்டிய அறை, மங்கிய விளக்கு, விடியும் வரை இசை என்று எழுதுவார்கள். நியூயார்க்கில் 1940 முதல் 1967 வரை, மது விற்கும் விடுதியில் வாசிக்க விரும்பிய எவரும் காவல்துறையிடம் கைரேகை பதித்து ஓர் அட்டை பெற வேண்டியிருந்தது. அந்த அட்டை பறிக்கப்பட்டால் பிழைப்புப் போயிற்று. பில்லி ஹாலிடே 1947-இல் அதனை இழந்தார். 1948-இல் சிறையிலிருந்து வந்தவுடன் கார்னகி அரங்கில் பாட முடிந்த அவரால், தெருமுனை விடுதியில் பாட முடியவில்லை. அரங்கத்திற்கு அட்டை தேவையில்லை. மங்க் 1951-இல் இழந்தார். தம் நகரத்திலேயே ஆறாண்டுக் காலம், ஒரு கலைஞனுக்கு மிகச் சிறந்த வயதில், விடுதி வாசல் அவருக்கு அடைபட்டிருந்தது. அந்த இரவுகளை எந்தத் தொகுப்பாளரும் தேடித் தர முடியாது. அவை நிகழவே இல்லை.

1957-இல் அட்டை திரும்பியது. ஃபைவ் ஸ்பாட் என்னும் சிறு விடுதியில் மங்க் மாதக்கணக்கில் வாசித்தார். உடன் சாக்சபோன் வாசித்தவர் ஜான் கோல்ட்ரேன். கேட்டவர்கள் அதைப் பிறகு வாழ்நாளெல்லாம் பேசினார்கள். பதிவு நிலையத்தில் பதிந்த சில மெட்டுகளைத் தவிர அக்கூட்டணியின் சான்று ஏதும் நெடுங்காலம் வெளிவரவில்லை. பேசியவர்களை நம்பாதாரும் இருந்தனர். 2005-இல் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில், லாரி ஆப்பிள்பாம் என்னும் பணியாளர் பழைய வானொலி நாடாக்களை எண்ணியல் வடிவாக்கிக்கொண்டிருந்தார். அவற்றுள் ஒன்றின் உறையில் மங்கின் பெயர் கையெழுத்தில் இருந்தது. 1957 நவம்பர் 29 அன்று கார்னகி அரங்கில் இருவரும் வாசித்த இசை, 48 ஆண்டு அங்கே உறங்கியிருந்தது. அவ்வாண்டே அது வெளியானது. பழைய இரவுகளைப் பேசியவர்கள் மிகைப்படுத்தவில்லை என்பது அதைக் கேட்டவர்க்குத் தெளிவாயிற்று. ஏட்டுச் சான்று இல்லாத நினைவை எள்ளுவோர் இச்செய்தியைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

காத்திருப்பு எப்போதும் இவ்வாறு பயன் தருவதில்லை. பில் சாவரி என்னும் ஒலிப்பொறியாளர் 1930-களின் பிற்பகுதியில் வானொலியில் வந்த விடுதி இசையைப் பெரிய தட்டுகளில் பதிந்து வைத்திருந்தார். மூன்று நிமிட எல்லையைத் தாண்டிய வாசிப்புகள் அவை. லோரன் ஷோன்பெர்க் என்னும் கலைஞர் 1980 முதல் கேட்டும் சாவரி அவற்றைக் காட்டவில்லை. 2004-இல் சாவரி இறந்தார். 2010-இல் அவர் மகனிடமிருந்து ஹார்லெம் ஜாஸ் அருங்காட்சியகம் ஏறத்தாழ ஆயிரம் தட்டுகளைப் பெற்றபோது, சிலவற்றில் பூச்சு உரிந்து ஒலி போய்விட்டிருந்தது. கறையான் தின்ற சுவடியை விரித்துப் பார்த்தவர் கைகளுக்கு அந்த நடுக்கம் தெரியும். உரிமைச் சிக்கலால் எஞ்சியவையும் உடனே வெளிவரவில்லை. பகுதி பகுதியாக 2016 முதலே மக்களை எட்டின.

கவிஞர் கூடிய அவையில் வில்லேஜ் வான்கார்டு என்னும் விடுதியைச் சொல்லாமல் முடிக்கலாகாது. 1935-இல் மேக்ஸ் கார்டன் என்பவர் நியூயார்க்கின் ஏழாம் நிழற்சாலையில், பதினைந்து படி இறங்கிச் செல்லும் நிலவறையில் அதைத் தொடங்கினார். தொடக்கத்தில் அங்கே நடந்தது கவிதை. ஊர்க் கவிஞர்கள் வந்து தம் பாடல்களைச் சொல்வார்கள். கேட்டவர் காசு எறிவார்கள். கவிதையால் வாடகை தேறவில்லை போலும். காலப்போக்கில் இசை அவ்விடத்தை எடுத்துக்கொண்டது. 1957 முதல் அது ஜாஸ் விடுதியாகவே நிலைத்தது. 52-ஆம் தெருவில் வரிசையாக இருந்த ஆனிக்ஸ், திரீ டியூசஸ் முதலிய விடுதிகள் அலுவலகக் கோபுரங்களுக்கு இடம் விட்டுப் போயின. வான்கார்டு மட்டும் அதே படிகளோடு, அதே முக்கோண அறையில், நூற்றுச் சொச்சம் இருக்கைகளோடு இன்றும் நடக்கிறது.

அங்கே 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, பில் எவன்ஸ் பியானோவும், ஸ்காட் லஃபாரோ பாஸும், பால் மோஷன் டிரம்ஸும் வாசித்தனர். பிற்பகலில் இரண்டு முறையும் இரவில் மூன்று முறையுமாக ஐந்து சுற்றுகளை ரிவர்சைடு நிறுவனத்தார் பதிந்தார்கள். கண்ணாடிக் குவளைகள் உரசும் ஒலியும், யாரோ பேசுவதும் சிரிப்பதும் அப்பதிவில் கேட்கின்றன. கூர்ந்து கேட்டால் நிலத்தடித் தொடர்வண்டி கடந்து செல்வதும் கேட்கும். பேசிக்கொண்டிருந்தவர்களுக்குத் தாம் எதன் முன் அமர்ந்திருக்கிறோம் என்பது தெரியாது. வாசித்தவர்களுக்கும் தெரியாது. பதினோராம் நாள் லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். அவருக்கு வயது 25.

அன்று முதலில் பதிந்தது லஃபாரோ இயற்றிய ‘குளோரியாஸ் ஸ்டெப்’ என்னும் மெட்டு. வாசிப்பின் நடுவில் மின்சாரம் தடைப்பட்டுப் பதிவு அறுந்தது. அதனால் அந்த முதல் வாசிப்பைத் தட்டில் சேர்க்காமல் ஒதுக்கிவிட்டார்கள். நாற்பதாண்டு கழித்து அந்நாளின் இசையை முழுமையாகத் தொகுத்தவர்கள் அதைத் தேடியெடுத்து, நிகழ்ந்த வரிசையில் முதலாவதாக வைத்தார்கள். அறுந்த இடத்தை ஒட்டி மறைக்கவில்லை. இசை நின்று, பிறகு தொடர்வதை இன்றும் அவ்வாறே கேட்கலாம்.