விழிஞத்துக் கரையோர மக்கள்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழப் பத்து மைல் தொலைவிலுள்ள விழிஞம், தமிழ் கற்றோர்க்குப் புதிய பெயரன்று. ஆய் மன்னர்களின் துறைமுகமாக விளங்கியது. பாண்டியர் செப்பேட்டிலும் இடம் பெற்றது. கரையருகிலேயே ஆழ்ந்த கடல் அவ்வூருக்கு இயற்கை அளித்த கொடை. கொழும்பு முதலிய அயல்நாட்டுத் துறைகளில் மாற்றி ஏற்றப்படும் நம் நாட்டுச் சரக்கை இங்கேயே கையாளலாம் என்ற நோக்கத்துடன், 7,525 கோடி ரூபாய் மதிப்பில் திட்டமிட்ட பன்னாட்டுத் துறைமுகத்திற்கு 2015 டிசம்பரில் அடிக்கல் நாட்டினர். நோக்கத்தில் பழுது காண்போர் அரியர்.

ஆயினும் 2022 ஆகஸ்ட் 16ஆம் நாள் மீனவ மக்கள், இலத்தீன் உயர்மறைமாவட்டத்தின் தலைமையில், துறைமுக வாயிலில் திரண்டனர். அலைத்தடுப்புச் சுவர் கடலுள் நீண்டபின் வடக்கேயுள்ள பூந்துறை, வலியதுறை, சங்குமுகம் கரைகளை அலை விழுங்குகிறது என்பது அவர்கள் முறையீடு. அரிப்பு முன்பே இருந்தது, புயலே காரணம் என்றது எதிர்த்தரப்பு. தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கில்லை. கடல் மணல் ஓரிடத்தில் நில்லாது, பருவத்திற்கேற்பக் கரையோரமாக நகர்ந்துகொண்டேயிருப்பது. குறுக்கே சுவர் எழுந்தால் ஒருபுறம் மணல் சேரும், மறுபுறம் குறையும். இதை மீனவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

நம்மைப் போன்று அரசாங்க ஏடுகளை மொழிபெயர்ப்போர் 'தற்காலிகம்' என்ற சொல்லை நாள்தோறும் எழுதுகிறோம். எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடுகிறோம். வலியதுறையில் அச்சொல்லுக்குப் பொருள் ஒரு சிமெண்டுக் கிடங்கு. கடலுக்கு வீட்டைப் பறிகொடுத்த குடும்பங்கள் பல, அந்த ஒரே கூரையின் கீழ் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. குழந்தைகள் அங்கிருந்தே பள்ளிக்குச் சென்றனர். முதியோர் அங்கேயே நோயுற்றுக் கிடந்தனர். தற்காலிகம் எத்தனை ஆண்டு நீளலாம் என்று எந்த அகராதியும் சொல்லவில்லை.

கோரிக்கைகள் ஏழு. ஆறினைக் குறித்துப் பேச்சு நடத்த இடமிருந்தது. பணியை நிறுத்தி ஆய்வு செய்க என்ற ஏழாவதற்கு அரசு இணங்கவில்லை. நவம்பர் இறுதியில் போராட்டம் கைகலப்பாக மாறி, விழிஞம் காவல் நிலையமே தாக்கப்பட்டது. காவலர் பலர் காயமுற்றனர். இது போராட்டத்திற்குப் பெருமை சேர்த்ததன்று. துறைமுகம் வந்தால் வேலை வரும் என்று அதே ஊரில் எதிர்ப்பந்தலிட்டு அமர்ந்தோரும் இருந்தனர். அவர்களும் அவ்வூர் மக்களே.

டிசம்பர் 6ஆம் நாள் போராட்டம் முடிவுற்றது. வீடிழந்தோர்க்கு மாத வாடகை 5,500 ரூபாய் என்றாயிற்று. துறைமுக நிறுவனத்தின் நிதியிலிருந்து மேலும் 2,500 ரூபாய் சேர்த்துத் தருவதாகச் சொன்னபோது, போராட்டக் குழுவினர் அது வேண்டாமென மறுத்துவிட்டனர். வாடகைக்கு அலைவோர் உள்ளதையும் மறுப்பது அறியாமை என்று சிலர் நகைத்தனர். நமக்கு நகைக்கத் தோன்றவில்லை.

2025 மே 2ஆம் நாள் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் முட்டத்தறையில் 332 குடும்பங்களுக்கு அடுக்கு வீடுகள் கிடைத்தன. நல்ல வீடுகளே. ஆனால் அவை கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கின்றன. வாசலில் நின்று அலையைப் பார்த்துத் தொழிலுக்குப் புறப்பட்டவர், இனிக் கடலின் நிலையறியக் கரைவரை சென்று வர வேண்டும்.