காற்றும் பாரமும்



வண்டியின் பாரத்தைத் தாங்குவது டயரின் ரப்பர் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அதைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்றே. ரப்பரும் அதனுள் பின்னிய இழைகளும் அக்காற்றைச் சிதறாமல் காக்கும் உறை மட்டுமே. இச்சிறு உண்மையை ஓர் அனுபவத்தின் மூலமாகவே நாங்கள் கற்றுக்கொள்ள நேர்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு குளிர்காலத்தில், நண்பர்கள் நால்வர் ஜெய்சல்மேரிலிருந்து மேற்கே மணற்குன்றுகளை நோக்கி ஜீப்பில் புறப்பட்டோம். பின்னால் இரு சக்கர இழுவண்டி ஒன்று. அதில் 200 லிட்டர் தண்ணீர், கூடாரம், சமையற்பொருள்கள். சாலையை விட்டு இறங்கிய சிறிது நேரத்திற்குள் சக்கரங்கள் மணலில் புதைந்தன. எஞ்சினை முடுக்க முடுக்கக் குழி ஆழமாயிற்றே தவிர, வண்டி நகரவில்லை. ஒட்டகங்களை ஓட்டிவந்த முதியவர் ஒருவர் டயரைக் கைத்தடியால் தட்டிக்காட்டி, “காற்றைக் குறையுங்கள்” என்றார். குறைத்தோம், வண்டி வெளியேறிற்று.

அவர் சொன்னதன் காரணம் எளிதானது. ஒரு சக்கரத்தின்மீது 600 கிலோ, அதாவது சுமார் 1,320 பவுண்டு பாரம் இருப்பதாகக் கொள்வோம். சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு காற்றழுத்தம் இருந்தால், டயர் ஏறக்குறைய 44 சதுர அங்குலப் பரப்பில் தரையை அழுத்தும். அழுத்தத்தை 15 பவுண்டாக்கினால் அப்பரப்பு ஏறக்குறைய இருமடங்காகும். அகலத்தைவிட நீளத்திலேயே அது மிகுதியாக வளரும். ஒட்டகத்தின் அகன்ற பாதம்போல, சக்கரம் மணலைக் கிழிக்காமல் அதன்மேல் நடக்கும். 1920களின் இறுதியில் லிபியப் பாலைவனத்தில் மோட்டார் வண்டிகளோடு பயணம் செய்த ஆங்கிலப் பொறியாளர் பாக்னால்டும் இம்முறையையே கையாண்டார்.

ஆனால் எங்கள் கதை அத்துடன் முடியவில்லை. மணலைக் கடந்த மகிழ்ச்சியில், குறைத்த காற்றை மீண்டும் நிரப்பாமல் தார்ச்சாலையில் விரைந்தோம். அரைமணி நேரத்தில் இழுவண்டியின் டயர் ஒன்று பக்கவாட்டில் வெடித்தது. இழுவண்டி சாலையின் குறுக்கே வீசியது. எதிரே வந்த பேருந்தின் ஓட்டுநர் சமயத்தில் ஒதுங்கியிராவிட்டால், இன்று உங்கள்முன் பேச நாங்கள் இருந்திருக்க மாட்டோம். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து நிமிரும், அதனால் சூடேறும், பாரமும் வேகமும் கூடினால் அச்சூட்டை அது தாங்காது.

எனவே காற்றைக் குறைக்குமுன் பாரத்தை அறியவேண்டும். டயரின் பக்கத்தில் ஒரு குறியெண் பொறிக்கப்பட்டிருக்கும். அது 100 ஆனால், அந்த டயர் 800 கிலோ தாங்கும் என்பது பொருள். அத்தாங்குதிறன் உரிய அழுத்தத்தில் காற்று இருக்கும்போது மட்டுமே உண்டு. காற்றைக் குறைத்தால் அதுவும் குறையும்.

இழுவண்டியின் பாரம் அதன் சக்கரங்களோடு நிற்பதுமில்லை. 600 கிலோ எடையுள்ள இழுவண்டி கொக்கியின்மீது 60 கிலோ அழுத்துவதாகக் கொள்வோம். ஜீப்பின் இரு அச்சுகளுக்கும் இடையே இரண்டரை மீட்டர், பின்னச்சிலிருந்து கொக்கிவரை ஒரு மீட்டர் என்றால், பின்னச்சில் கூடுவது 60 அன்று, 84 கிலோ. முன்னச்சில் 24 கிலோ குறையும். முன்சக்கரம் இலேசானால் திருப்பும் பிடி தளரும். நம் ஊர் வண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் என்று பார்த்துத்தான் மூட்டை அடுக்குவார்கள். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பும். அதே கணக்குத்தான் இங்கும். தண்ணீர்போன்ற கனமான பொருள்களை இழுவண்டியின் அச்சுக்கு அருகே தாழ்வாக வைத்து, மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவே கொக்கியில் விழச் செய்தல் நன்று.

டயரைத் தேர்வதிலும் நிலத்தை நோக்கவேண்டும். ஆழ்ந்த பற்களுடைய டயர் சேற்றுக்கு ஏற்றது. மணலில் அது தோண்டத் தொடங்கிவிடும். மணலுக்கு வளைந்து கொடுக்கும் பக்கங்களும், பெரிய விட்டமும், மிதமான பற்களும் வேண்டும். கூரிய கற்கள் நிறைந்த வழிக்கு உறுதியான பக்கங்கள் தேவை. இழுவண்டிக்கும் ஜீப்புக்கும் ஒரே அளவான டயர்கள் இருந்தால், ஒரு மாற்றுச் சக்கரம் இரண்டுக்கும் உதவும். சக்கரங்களின் இடைவெளியும் ஒத்திருந்தால், ஜீப் அழுத்திய தடத்திலேயே இழுவண்டி எளிதாக உருண்டு வரும்.

புறப்படுமுன், டயர்கள் குளிர்ந்திருக்கும்போது அழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மணலில் இறங்கினால் முதலில் வேண்டாத பாரத்தைக் குறையுங்கள்; பிறகு காற்றைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். அந்நிலையில் மெல்லச் செல்லுங்கள், திடீரெனத் திருப்பாதீர்கள், திருப்பினால் டயர் விளிம்பை விட்டுக் கழன்றுவிடக்கூடும். அழுத்தமானியும் காற்றடிக்கும் பம்பும் இல்லாமல் காற்றைத் திறந்துவிடுவது, திரும்பும் வழியை நாமே அடைத்துக்கொள்வதாகும். தார்ச்சாலை கண்ணில் பட்டதும் வண்டியை நிறுத்தி, குறித்துவைத்த அளவுக்குக் காற்றை நிரப்புங்கள்.

அதற்குக் கால்மணி நேரம் போதும். அந்தக் கால்மணியை மிச்சப்படுத்த எண்ணித்தான் நாங்கள் நால்வர் உயிரையும், பேருந்தில் இருந்த பலர் உயிரையும் பணயம் வைத்தோம்.