அம்மாவின் அளவு ஜாக்கெட்

போன வாரம் ஒருத்தர் கேட்டிருந்தாங்க: "என் ரிசப்ஷனுக்கு அம்மாவுக்குப் புடவை எடுக்கணும். எதைக் காட்டினாலும், இந்த வயசுல எனக்கெதுக்குன்னு சொல்றாங்க."

எங்க வீட்டிலும் இதே கதைதான். தம்பி ரிசப்ஷனுக்காக தி.நகர்ல மூணு மணி நேரம் சுத்தினோம். அம்மா கை நேரா சாம்பல் கலருக்குத்தான் போகுது. கடை லைட்டை நம்பாம, புடவையை அம்மா தோள்ல போட்டு, வாசல் வெளிச்சத்துல பார்த்தேன். முகமே களையிழந்து போச்சு. கத்திரிப்பூ கலர் போட்டதும் பளிச்! அதையும் சாஃப்ட் சில்க்காகவே எடுத்தோம். கனமான ஜரிகைப் பட்டுன்னா கொசுவம் விறைப்பா நின்னு இடுப்பைப் பெரிசாக் காட்டும். இது படிஞ்சு விழும்.

ஆனா நிஜமான சிக்கல் ஜாக்கெட்லதான். டெய்லர் அக்கா அளவு ஜாக்கெட் கேட்டாங்க. அம்மா நீட்டினது 10 வருஷத்துக்கு முன்னாடி தைச்சது! "புதுசா அளவெடுக்கலாமே"ன்னா, வேண்டவே வேண்டாமாம். டேப்புல வர்ற நம்பரைக் கேட்கப் பயம். அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சது, இத்தனை வருஷமா விசேஷங்களுக்கு அம்மா ஏன் சீக்கிரமே கிளம்பிடுவாங்கன்னு. அக்குள்ல பிடிக்கிற ஜாக்கெட்டோட எவ்வளவு நேரம் உட்கார முடியும்?

அந்த அக்கா நம்பரைச் சத்தமா சொல்லாம, பேசாம எழுதிக்கிட்டாங்க. அவங்களுக்குக் கோயில் கட்டணும். கை முழங்கை வரைக்கும், அக்குள்ல தாராளமா, பின்னாடி பிரிச்சுக்கிறதுக்கு உள்ளே ஒரு இஞ்ச் துணி விட்டு.

ஆல்பத்துல ஒரு போட்டோ இருக்கு. அம்மா கையை நல்லா உயரத் தூக்கி, பந்தியிலிருந்து யாரையோ கூப்பிடுறாங்க. மணி பத்தரை.