ரப்பர் பாலுக்குள் ஹைட்ரஜன்

ஹைட்ரஜன் என்றதும் நம் பிள்ளைகள் வேதியியல் பாடத்தை நினைத்து மிரளுகிறார்கள். ஆனால் கெடா தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு இந்தத் தனிமத்தோடு தலைமுறைப் பழக்கம் உண்டு. பெயர் தெரியாமல் பழகினோம், அவ்வளவுதான்.

மரத்திலிருந்து வடியும் பாலில் உள்ள ரப்பர் துகள்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் பால் பாலாக இருக்கிறது. அதில் ஃபார்மிக் அமிலம் கலந்தால் உறைகிறதே, ஏன்? ஹைட்ரஜன் அணுவில் ஒரு புரோட்டானும் ஓர் எலெக்ட்ரானும் மட்டுமே. அமிலத்தில் அந்த எலெக்ட்ரானை விட்டுவிட்டு வெறும் புரோட்டானாகப் பிரிகிறது. இந்த நேர்மின்னேற்றம் துகள்களின் தள்ளுமுள்ளை அடக்கிவிட, அவை ஒட்டிக்கொள்கின்றன. மங்கிலேயே இரவெல்லாம் கிடந்த பால், யாரும் அமிலம் ஊற்றாமலே கட்டிப்பாலாவதும் இதே கதைதான். பாக்டீரியாக்கள் பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்கிவிடுகின்றன. மரத்தில் முசுறு எறும்பு பீய்ச்சுகிறதே, அதுவும் ஃபார்மிக் அமிலமே!

பால் உறையாமல் தொழிற்சாலை போய்ச் சேர வேண்டுமா? அம்மோனியா ஊற்றுவார்கள். அது ஹைட்ரஜன் அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பாக்டீரியாக்களையும் அடக்கும். அந்த அம்மோனியாவிலேயே ஒரு நைட்ரஜனுக்கு மூன்று ஹைட்ரஜன் இருக்கிறது. குருணில் 1999இல் உற்பத்தியைத் தொடங்கிய பெட்ரோனாஸ் உர ஆலையில், இயற்கை எரிவாயுவை நீராவியோடு வினைபுரியச் செய்து ஹைட்ரஜனைப் பிரிக்கிறார்கள். அதைக் காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியாவும், அதிலிருந்து யூரியாவும் செய்கிறார்கள். சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்திலேயே இப்படியொரு வேதியியல் பாடம் இருக்கும்போது, மாணவர்கள் புத்தகத்தை மனப்பாடம் செய்து என்ன பயன்?

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விலை மலிவு என்று சில சிறுதோட்டக்காரர்கள் பேட்டரி அமிலத்தால் பாலை உறைய வைக்கிறார்கள். ரப்பரின் தரம் கெடுவது ஒருபுறம். அந்தக் கந்தக அமிலத்தைத் துத்தநாகம் பூசிய வாளியில் ஊற்றிவைத்தால் குமிழ் குமிழாக ஹைட்ரஜன் கிளம்பும். லாரி பேட்டரிக்கு மின்னேற்றும்போதும் இதே வாயு வருகிறது. அம்மோனியா கசிந்தால் மூக்கு எச்சரிக்கும். ஹைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும், சுடரும் பகலில் கண்ணுக்குத் தெரியாது. காற்றைவிட 14 மடங்கு இலேசானது என்பதால் கூரைக்கடியில் போய்த் தங்கும். ஆகவே ஸ்டோர் அறையின் காற்றுத் துவாரம் கதவுப் பக்கம் கீழே இருந்தால் போதாது, மேலே கூரையை ஒட்டி இருக்க வேண்டும். சிகரெட்டை வெளியிலேயே அணைத்துவிட்டு உள்ளே போங்கள்.