கூலிக்கு வந்தவனும் வெட்டப்பட்ட காட்சியும்
(கேளம்பாக்கம் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆலையிலும் வயலிலும் உப்பளத்திலும் உழைத்துக் களைத்து வந்திருக்கும் உங்களிடம் சினிமாவைப் பற்றிப் பேசுகிறோமே என்று நினைக்க வேண்டாம். விஷயம் இருக்கிறது.

1975 ஆகஸ்ட் 15-ல் 'ஷோலே' என்ற இந்திப் படம் வந்தது. ரமேஷ் சிப்பி எடுத்த படம். இரு கைகளையும் இழந்த முன்னாள் போலீஸ் அதிகாரி டாக்கூர், கப்பர் சிங் என்ற கொள்ளைக்காரனை உயிரோடு பிடித்துத் தர ஜெய், வீரு என்ற இரண்டு திருடர்களைக் கூலிக்கு அமர்த்துகிறார். கப்பரின் தலைக்குச் சர்க்கார் வைத்த விலை 50,000 ரூபாய். நாமும் இதை வெறும் சண்டைப் படம் என்றே ஒதுக்கியிருந்தோம்.

படம் வருவதற்கு இரண்டு மாதத்துக்குள்தான், ஜூன் 25-ல், அவசரநிலை பிரகடனமானது. டாக்கூர் ஆணி பதித்த செருப்புக் காலாலேயே கப்பரைக் கொல்வதுதான் முதலில் எடுத்த முடிவு. தணிக்கைக் குழு அதை ஏற்கவில்லை. போலீஸ் வந்து தடுத்து, கப்பரைக் கைது செய்வதாக மாற்றி எடுத்தார்கள். நாடெங்கும் மக்களைச் சிறையில் அடைத்த ஆட்சி, திரையில் சட்டத்தைக் காப்பாற்றியது!

புதுப்பிக்கப்பட்ட முழுப் படம் 2025 ஜூனில் இத்தாலியின் போலோன்யா நகரிலும், டிசம்பர் 12-ல் நம் நாட்டுத் தியேட்டர்களிலும் திரையிடப்பட்டது. பழைய முடிவும் வெட்டப்பட்ட வேறு காட்சிகளும் திரும்பி வந்தன.

அதனால் என்ன மாறிற்று? இமாமின் மகன் அகமது, ஜபல்பூர் பீடித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் புறப்பட்ட பையன். வழியில் கப்பரின் கையில் சிக்குகிறான். பழைய படத்தில் அவன் பிணம்தான் ஊருக்கு வரும். இப்போது அவன் கொல்லப்படுவதையே பார்க்கிறோம். ஜெய்யும் வீருவும் யாருக்காகத் துப்பாக்கி எடுத்தார்கள் என்பது நெஞ்சில் தைக்கிறது.

முதல் இரவில் டாக்கூரின் பெட்டியை உடைக்கப் பார்த்தவர்கள்தான் இவர்கள். அவருடைய கதை தெரிந்ததும் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். நண்பன் ஜெய் செத்த பிறகு, கப்பரைக் கொல்லும் தருணத்தில், ஜெய் கொடுத்த வாக்குக்காக வீரு கையை எடுத்துக்கொள்கிறான். போலீஸ் வரும் முடிவில் அவன் செய்தது சர்க்காருக்குச் செய்த உதவி போல் ஆகிவிடுகிறது. உண்மை முடிவிலோ, பழி தீர்த்த டாக்கூர் மகிழவில்லை, அழுகிறார். அவரைத் தாங்குபவன் கூலிக்கு வந்த வீருதான். கூலியாளாக வந்தவன் மனிதனாக நிற்கிறான்.

தோழர்களே, 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 உயிர்களை எரித்தபோது, பண்ணையார்களோடு அடியாட்களும் வந்தார்கள். அந்தக் கொடுமைக்கு மன்னிப்பு இல்லை. ஆனால் வேலைநிறுத்தத்தை உடைக்க முதலாளி பிடித்து வரும் பையன் யார்? பெரும்பாலும் பக்கத்துத் தெருவின் வேலையில்லாத பிள்ளை. அவனை வசைபாடி அனுப்பிவிடுவதா, உட்கார வைத்துப் பேசுவதா? பணத்தைத் திருப்பித் தரும் மனம் அவனுக்கும் உண்டு. அதைத் தட்டி எழுப்புவது நம் வேலை.

இன்னொன்றும் உண்டு. படத்து ராம்கட் ஊரார் கடைசிவரை சேர்ந்து நிற்கவில்லை. வீரத்தையும் கூலிக்கு வாங்கினார்கள். அதன் விலை ஜெய்யின் உயிர். நமக்குக் கூலி வீரன் வேண்டாம். சங்கம் இருக்கிறது. அதைப் பலப்படுத்துவோம்!