புதிர் அவிழ்ப்போம்; சொல் மீட்போம்

(செங்கற்பட்டில் நடந்த தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குறுக்கெழுத்துப் புதிர் என்றதும், "வேலையற்றார் வேலை" என்று நகைப்பார் உளர். நானும் முன்பு அவருள் ஒருவனாயிருந்தேன். அந்நகைப்பு அடங்கிய கதையையே இன்று உங்கள்முன் வைக்க விழைகின்றேன்.

சென்ற கோடை விடுமுறையில் மாமல்லைக் கடற்கரையில் நண்பர் நால்வர் கூடியிருந்தோம். எங்களுள் ஒருவரான கணக்காசிரியர், தாமே கட்டம் வரைந்து, மறைகுறிப்புகளும் எழுதிக் கொணர்ந்திருந்தார். "சூளையிற் பிறந்ததும் காஞ்சித் தறியிற் பிறந்ததும் இணைந்த ஊர், எழுத்து ஏழு" என்பது முதற்குறிப்பு. சூளையிற் பிறந்தது செங்கல். தறியிற் பிறந்தது பட்டு. நம் ஊரே விடை! இது சொல்விளையாட்டே, ஊர்ப்பெயர் செங்கழுநீர்ப் பூவால் வந்ததென்பர். நான்காம் கட்டத்தில், ஊர்ப்பலகையிற் கண்டவாறு 'ல்' என்று நண்பரொருவர் எழுதினார். "கண் அறியாது, பாய் அறியும்" என்ற குறிப்பிற்கு விடையான 'காற்று', மேலிருந்து கீழாக அக்கட்டத்தின் வழியே இறங்கி, "அங்கே 'ற்' அன்றோ?" என்று திருத்திற்று. வல்லினம் வரின் லகரம் றகரமாய்த் திரியும் என்று ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் எழுதுவதை, ஒரு சிறு கட்டம் நொடியிற் கற்பித்துவிட்டது.

அடுத்தது, "கடலின் இடை வற்றினால் உளிக்கு வேலை, எழுத்து இரண்டு". 'கடல்' என்பதில் இடையெழுத்தை நீக்கினால் 'கல்'. கடலும் கற்கோயிலும் கண்ணெதிரே நிற்கவும், விடை காண எங்களுக்கு அரைமணி சென்றது!

மூன்றாவது, "முகிலும் நானே, கீழைக் கடலினின்று வீசி வருவேனும் நானே, எழுத்து நான்கு". பட்டம் பெற்ற நாங்கள் கார், மழை, மஞ்சு என்று தடுமாறினோம். அருகில் வலையைச் செப்பனிட்டுக் கொண்டிருந்த மீனவப் பெரியவர், "கொண்டல்தானே ஐயா?" என்றார். நாங்கள் நிகண்டிற் படித்து மறந்ததை, அவர் படகில் நின்று முகத்தால் உணர்ந்து வைத்திருந்தார். நான் நாணித் தலைகுனிந்தேன்.

இப்புதிர் மேலையர் தந்ததென்பர். கட்டமிட்ட புதிரை 1913 திசம்பர் 21-இல் நியூயார்க்குச் செய்தித்தாளொன்றில் ஆர்தர் வின் என்பார் வெளியிட்டார். மறைகுறிப்பு முறை பின்னர் இங்கிலாந்தில் வளர்ந்தது. இதனை நான் மறுக்கவில்லை. இல்லாப் பெருமை பேசுவது தமிழ்த்தொண்டன்று. ஆயினும், சொல்லை மறைத்து அவிழ்க்கும் வழி நமக்குப் புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் 'பிசி'க்கு இலக்கணம் கூறுகின்றது. பல வினாக்களின் விடைகளை இணைத்து ஒரு சொல்லாக்கும் வினாவுத்தரத்தையும், எழுத்தைக் குறைத்துப் பொருள் மாற்றும் அக்கரச்சுதகத்தையும் தண்டியலங்காரம் சொல்லும். அந்நூல் வடநூல் வழித்து. பெயர்களிலும் வடசொற் கலப்புண்டு. விடையிணை, எழுத்துக்குறை என்று நாம் வழங்குவோம். கொண்டலை அவிழ்த்ததோ இரட்டுற மொழிதல். காளமேகத்திற்குக் கைவந்த கலை. நம் காலத்திலும், கலிபோர்னியாத் தமிழரின் 'தென்றல்' இதழில் வாஞ்சிநாதன் இத்தகைய புதிர்களைத் தமிழிலேயே ஆக்கிக் காட்டினார். எனவே, தமிழில் இயலாதென்பார் கூற்று பொய்.

அன்பர்களே! வழங்காத சொல் மாயும். நம் மாணவர் 'கொண்டல்' அறியாமைக்குக் கரணியம், நாம் அச்சொல்லைத் தேர்வுத்தாளோடு விட்டுவிட்டமையே. பள்ளிதோறும் கிழமைக்கு ஒரு புதிர், பிறசொற் கலவாமல் எழுதிப் பலகையில் ஒட்டுவோம். தனித்து அவிழ்க்க வேண்டா, கூடி அவிழ்ப்போம். உழவரும் மீனவரும் தறிகாரரும் கற்சிற்பியரும் அக்கூட்டத்தில் இருத்தல் வேண்டும். அகரமுதலியில் ஏறாத சொற்கள் அவர்கள் நாவில் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

அடுத்த கூட்டத்திற்கு ஒவ்வொருவரும் ஒரு மறைகுறிப்பேனும் எழுதி வாருங்கள். உழைக்கும் நண்பர் ஒருவரையும் உடன் அழைத்து வாருங்கள்.

வாழ்க தமிழ்!